பாலத்தடி போன்ற ஒரு இடமும் நம் பிள்ளைகளும்

போன வாரம் லண்டனில் எடுத்த ஒரு படத்தைப் போட்டிருந்தேன். ஒரு கட்டடத்தின் அடியில் சில பிள்ளைகள் ஸ்கேட்போர்டு ஓட்டுகிற படம். அதற்கு வந்த பதில்களில் பாதி கேலி. "சார், அடுத்து நீங்களா?" என்று கேட்டவர்களை மன்னித்துவிட்டேன். மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதில். "வேலையில்லாத பசங்க", "இவ்வளவு விலை உயர்ந்த இடத்தை இதுக்கா விடுவாங்க", "ஊருக்கு வெளியில ஒரு மைதானம் கொடுத்தா போதாதா" என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள்.

விலை உயர்ந்த இடம் என்பது உண்மை. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், 1967இல் திறந்த குயீன் எலிசபெத் ஹால் என்ற இசை அரங்கின் அடிப்பகுதி அது. முறைப்படி கட்டிய ஸ்கேட் பார்க் கிடையாது. கட்டியவர்கள் தூண்களுக்கு நடுவே சரிவான கான்கிரீட் தளங்களை விட்டுவைத்தார்கள். 1970களில் பிள்ளைகள் அங்கே பலகையோடு வந்து சேர்ந்தார்கள். மேலே கூரை இருக்கிறது, லண்டன் மழைக்கு வேறென்ன வேண்டும்? இன்றுவரை போகவில்லை. கதவில்லை, கட்டணமில்லை. சுவர் முழுக்க ஸ்பிரே பெயின்ட் கிறுக்கல். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2013இல் அந்தக் கலை மையத்தார் ஏறத்தாழ 12 கோடி பவுண்டு செலவில் ஒரு விரிவாக்கத் திட்டத்தை அறிவித்தார்கள். பிள்ளைகள் ஓட்டும் இடத்தில் கடைகளும் உணவகங்களும் வரும். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, ஹங்கர்போர்டு பாலத்தடியில் புதிதாக ஓர் இடம் கட்டித் தரப்படும். கலை மையத்தாரை வில்லன்களாக நினைக்க வேண்டாம். கடை வாடகையை வைத்துத்தான் மற்ற வேலைகளுக்குப் பணம் திரட்ட நினைத்தார்கள், அந்த வேலைகளில் குழந்தைகளுக்கான கலைப் பயிற்சியும் ஒன்று. ஒரு வாத்தியாரால் அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் பிள்ளைகள் மறுத்தார்கள். அங்கேயே ஒரு மேசையைப் போட்டு, போகிற வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்றரை லட்சம் பேர் ஆதரவு தந்தார்கள். லாம்பெத் உள்ளாட்சிக்கு 27,000க்கும் மேற்பட்ட ஆட்சேபனைகள் போயின. 2014 ஜனவரியில் அப்போதைய மேயர் போரிஸ் ஜான்சனும் அந்த இடம் இருக்க வேண்டும் என்று சொன்னார். அந்த ஆண்டு செப்டம்பரில் இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டன, இடம் தப்பியது. பிறகு அதே இரு தரப்பும் சேர்ந்து பணம் திரட்டி, பல வருடமாக அடைத்துக் கிடந்த ஒரு பகுதியைச் சீர்செய்து 2019இல் திறந்தார்கள். வழக்கும் வம்புமாக ஆரம்பித்தவர்கள் பங்காளிகளாகிக் கல்யாண வேலை பார்த்த மாதிரி.

புது இடம் தருகிறோம் என்றபோது ஏன் போகவில்லை? நாலு மாலை அங்கே போய் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, ஓர் உயரமான விளிம்பிலிருந்து பலகையோடு குதித்து இறங்கப் பார்த்தாள். கணக்கு வாத்தியார் புத்தி, எண்ணிக்கொண்டே இருந்தேன். 31 தடவை விழுந்தாள். யாரும் சிரிக்கவில்லை. முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் தன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து, பின்னங்காலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் கிளம்பும்வரை அவளுக்கு அது வரவில்லை. வகுப்பில் மூன்றாவது தடவை தப்பாகப் போட்டாலே நோட்டை மூடிவிடுகிற பிள்ளைகளை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! அந்த அண்ணன்தான் அந்த இடத்தின் சொத்து. நாற்பது வருடமாக மூத்தவன் இளையவனுக்குக் காட்டிக் கொடுத்த பழக்கத்தைப் புதுக் கான்கிரீட்டில் ஊற்றி எடுத்துப் போக முடியாது.

அடிபடாதா என்றால், படும். ஹெல்மெட் போடச் சொல்லுங்கள்.

ஊருக்கு வெளியே மைதானம் என்ற யோசனையை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. ஊருக்கு வெளியே என்றால் வண்டி வைத்திருக்கிற அப்பா உள்ள பிள்ளைதான் போகும், பெண் பிள்ளையை யாரும் அனுப்ப மாட்டார்கள். இங்கே பக்கத்திலேயே ஆற்றங்கரை நடைபாதை. ஆயிரம் பேர் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கண்கள்தான் காவல்.

இது வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று எழுதிய என் தங்கை மகனுக்கு: மாமல்லபுரத்தில் பலகை ஓட்டிய ஒரு சிறுமியைப் பற்றிய 'கமலி' என்ற குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுப் பட்டியலுக்குப் போனது தெரியுமா மாப்பிள்ளை? டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வாங்கிய ஜப்பான் சிறுமிக்கு வயது 13. ஆனால் பதக்கத்துக்காகத்தான் இடம் தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பதக்கம் வாங்காத பிள்ளைக்கும் சாயங்காலம் வருமல்லவா?

நம் ஊர்களில் பூங்கா என்றால் எட்டு வடிவ நடைபாதை, நாலு பெஞ்சு, 'விளையாடக் கூடாது' என்று ஒரு போர்டு. எங்களைப் போன்ற கிழவர்களுக்கு எல்லாம் செய்தாகிவிட்டது. மேம்பாலத்துக்கு அடியில் கம்பி வேலி போட்டுச் செடி வைக்கிறோம், வெயில் இல்லாமல் அது காய்ந்துபோகிறது. அதே நிழலில் ஒரு துண்டு இடத்தை வழவழப்பான கான்கிரீட் தரையாகவும் இரண்டு சரிவாகவும் விட்டால் என்ன? சாலைப் பக்கம் மட்டும் இடுப்பளவு சுவர் வேண்டும். என்னிடம் படித்தவர்களில் மாநகராட்சியிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் பொறியாளர்களாக இருப்பவர்கள் உண்டு. 60 அடிக்கு 40 அடி என்று வைத்துக்கொண்டு, யாராவது ஒருவர் எஸ்டிமேட் போட்டு இங்கேயே எழுதுங்கள். முதலில் அந்தப் பக்கம் விளையாடுகிற பசங்களிடம் போய்ப் பேசிவிட்டுப் போடுங்கள்.