புதிதாய் வந்த மாணவனும் முதலாந் தவணைப் புள்ளியும்

ஆண்டுதோறும் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்ததும் நம் குடாநாட்டிலே ஒரு பெயர்ச்சி நிகழ்கின்றது. நெடுந்தீவிலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும், வடமராட்சி கிழக்கின் கடலோரக் கிராமங்களிலிருந்தும், ஆனையிறவுக்கு அப்பாலுள்ள கிளிநொச்சியிலிருந்துங் கூட, கையில் விடுகைப் பத்திரமும் பெறுபேற்றுத் தாளுமாய் மாணவர் வந்து நம் போன்ற கல்லூரிகளின் அதிபர் அறை வாயிலிலே காத்து நிற்கின்றனர். இடங் கிடைத்தோர் மகிழ்ந்து உள்ளே வருகின்றனர். மூன்று மாதஞ் செல்ல அம்மகிழ்ச்சி எங்கே போயிற்று என்று கேட்பார் இலர். இவ்விழா மலரிலே கல்லூரியின் பெருமையைப் பேசுவார் பலர் உளர். நாம் அந்த மாணவனைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம்.

கிராமத்துப் பிள்ளை பட்டணத்துக் கல்லூரியின் பெயருக்கு ஆசைப்பட்டே வருகின்றான் என நம்மவரிற் சிலர் பேசுவதுண்டு. பெயருக்கு ஆசைப்படுவோர் இல்லாமல் இல்லை. கலியாணப் பேச்சிலே, மாப்பிள்ளை படித்த பள்ளிக்கூடம் எது என்று கேட்கும் வழக்கம் நம்மிடை இன்னும் ஒழிந்தபாடில்லையே! ஆயினும் பலர் வருவது வேறு வழியின்மையால். அரசாங்கம் பாடசாலைகளை வகுத்திருக்கும் முறையை நோக்குக. 1ஏபி வகைப் பாடசாலைகளிலேயே உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உண்டு. 1சி வகையில் கலையும் வர்த்தகமுமே உள. 2ஆம் வகைப் பாடசாலையோ பதினோராந் தரத்தோடு முடிந்துவிடும். மருத்துவமோ பொறியியலோ பயில விரும்பும் பிள்ளை இவ்விருவகைப் பாடசாலைகளுள் ஒன்றிற் படித்தவனாயின், பதினாறு வயதிலே ஊரையும் ஆசிரியரையும் தோழரையும் விட்டுப் பெயர்ந்தே தீரவேண்டும். அது ஆசையன்று, கட்டாயம்.

பெயர்ந்தவனுக்கு நேர்வது யாது? தன் ஊர்ப் பாடசாலையிலே பத்தாண்டுகள் முதற் பிள்ளையாய் இருந்தவன், முதலாந் தவணைப் பரீட்சையில் நாற்பது பேருள் முப்பத்தைந்தாவது பிள்ளையாகின்றான். இணைந்த கணிதத்திலே இருபது புள்ளி. பௌதிகவியலில் அதனினும் குறைவு. தேர்ச்சி அறிக்கையைத் தந்தையாரிடங் காட்ட நாணுகின்றான். தந்தையார் கடற்றொழில் செய்து விடுதிக்குப் பணங் கட்டுபவராயின் அந்நாணம் இருமடங்காகும். "எனக்குப் பல்கலைக்கழகம் இல்லை" என்று தானே தீர்ப்பெழுதிக்கொண்டு, சிலர் பாடத்தை மாற்றுகின்றனர். சிலர் கல்லூரியை விட்டே போகின்றனர். இத்தீர்ப்பு தவறானது என்பதே நாம் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்.

எங்ஙனம் தவறு? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு எந்தத் தவணைப் பரீட்சையின் புள்ளியையும் பார்ப்பதில்லை. வகுப்பில் எத்தனையாவது பிள்ளை என்று கேட்பதுமில்லை. சில பாடநெறிகளுக்குச் சாதாரணதரத்திற் குறித்த பாடங்களிலே சித்தி வேண்டப்படுகின்றது. அதற்கு மேல் எல்லாம் உயர்தரப் பரீட்சை ஒன்றையே பொறுத்தது. 2001ஆம் ஆண்டுப் பரீட்சை முதலாக இசட் புள்ளி முறை வழக்கில் உள்ளது. ஒரு பாடத்திலே மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து, நாடெங்கும் அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுப்பர். சராசரி 45 என்றும் நியம விலகல் 15 என்றும் கொண்டால், 60 பெற்றவனுக்கு இசட் புள்ளி 1. 45 பெற்றவனுக்குப் பூச்சியம். மூன்று பாடங்களினதும் சராசரியே அவனுடைய இறுதிப் புள்ளி. இக்கணக்கில் அவன் முன்பு படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் வருவதில்லை. பக்கத்து வாங்கிலே இருப்பவன் வாங்கிய புள்ளியும் தனியே வருவதில்லை. அன்றியும், பல்கலைக்கழக அனுமதிக்கென ஒருவன் மூன்று முறை தோற்றலாம்.

நம் முன்னோருள் இருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். 1857இலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. பரீட்சையிற் தேறிய சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்றவர்கள். அச்செமினறியோ 1855இலேயே மூடப்பட்டுவிட்டது. மூடிய பள்ளியின் பிள்ளைகள் என்று பரீட்சை அவர்களை ஒதுக்கவில்லை.

புள்ளி என்ற சொல்லைக் கேட்டவுடன் யாழ்ப்பாணத்தான் நடுங்குவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1971இலே பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ் மொழி மூலம் தோற்றியவனுக்கு 250 புள்ளியும், சிங்கள மொழி மூலம் தோற்றியவனுக்கு 227 புள்ளியும் என வெட்டுப்புள்ளி வைக்கப்பட்டதை நம் மூத்த தலைமுறை மறக்கவில்லை. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்னர் அது பலமுறை மாறி, இப்பொழுது பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என நிற்கின்றது. அந்நாள் முதலாக வீட்டுக்கு வீடு வெட்டுப்புள்ளியே பேச்சு. தந்தையார் அடைந்த அச்சம் மகனுக்கு முதுசமாய் வருகின்றது.

கிளிநொச்சியிலிருந்து வரும் மாணவனுக்கு மட்டும் ஒரு கவலை நியாயமானது. 1984இலே கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. இரு மாவட்டங்களின் வெட்டுப்புள்ளிகளும் வேறு வேறு. பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுக் காலத்திலே எந்த மாவட்டத்துப் பாடசாலையிற் பயின்றான் என்பதும், அதற்குள் மாவட்டம் மாறியிருந்தால் நிரந்தர வதிவிடம் எது என்பதும் நோக்கப்படும். ஆதலின் அவன் விடுகைப் பத்திரத்தைக் கையில் வாங்குமுன், ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலைப் படித்தல் வேண்டும். படித்துச் சொல்ல நம் கல்லூரியில் ஒருவர் இருத்தலும் வேண்டும். மாணவர் பலர் இதனைப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் நாளிலேதான் அறிகின்றனர்.

அங்ஙனமாயின் அந்த முப்பத்தைந்தாம் இடத்துக்குப் பொருள் இல்லையா? உண்டு, ஆனால் அது அவனுடைய மூளையைப் பற்றியதன்று. நகரத்துப் பிள்ளை சாதாரணதரப் பரீட்சை முடிந்த அடுத்த மாதமே தனியார் கல்வி நிலையத்திற் சேர்ந்து, பெறுபேறு வருமுன் பௌதிகவியலிலே அளவீடும் விசையியலின் ஒரு பகுதியும் முடித்துவிடுகின்றான். தீவகத்துப் பிள்ளை அம்மாதங்களிலே பெறுபேற்றை எதிர்பார்த்து ஊரிலிருக்கின்றான். குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பேருந்தேறி, மாலை வகுப்பு முடிந்து இறுதிப் படகைப் பிடித்தல் அவனுக்கு இயலுமா? இரசாயன ஆய்வுகூடத்திலே பைப்பெற்றைக் கையில் எடுத்துப் பாராதவன் அவன். கணித ஆசிரியர் ஓராண்டு இல்லாதிருந்த பாடசாலையிலிருந்து வந்தவனாயும் இருக்கலாம். முதலாந் தவணைப் பரீட்சை அளப்பது இந்த ஆறுமாத இடைவெளியையே. ஆறுமாதம் பின்தங்கியவன் இரண்டாண்டு ஓட்டத்திலே எட்டிப்பிடிக்கக் கூடியவன். இடையில் ஓட்டத்தை விட்டுவிடாதிருந்தால்.

நம் மண்ணிலே இதனினும் பெரிய பெயர்ச்சிகள் நிகழ்ந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 1990இல் இடம்பெயர்ந்து கால் நூற்றாண்டுக்கு மேல் தன் சொந்த வளவுக்கு மீள முடியாதிருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்தபொழுது கல்லூரிகளும் நடந்தன. பிறர் கட்டடங்களிலே மாலைவேளையிற் கூடின. 2009 ஓகஸ்டிலே வன்னி மாணவர் வவுனியா முகாம்களுக்குள் இருந்து உயர்தரப் பரீட்சை எழுதினர். அத்துயரத்தை இன்றைய மாணவனின் கவலையோடு ஒப்பிடுவது எம் நோக்கமன்று. ஒன்றை மட்டும் நோக்குக: அன்று எல்லோரும் புதியவர். பக்கத்தில் இருந்தவனிடங் கொப்பியை இரந்து வாங்க யாரும் வெட்கப்படவில்லை. இன்று வருபவன் தனியே வருகின்றான்; ஆறாந் தரத்திலிருந்து ஒன்றாய் வளர்ந்த குழாத்தினுள்ளே அவன் ஒருவனே அந்நியன்.

ஆகவே இது பெரிதும் அவன் செய்யவேண்டியதைப் பற்றியதன்று. நாம் செய்யவேண்டியதைப் பற்றியது. மூன்று ஏ பெற்றவனின் படத்தைப் பதாகையாக்கிக் கல்லூரி வாயிலிலே கட்டுகின்றோம். அவனுக்கு அகரம் முதற் பதினோராந் தரம் வரை கற்பித்த ஊர்ப் பாடசாலையின் பெயரை அதில் ஒரு மூலையிலேனும் எழுதுவோர் உளரோ? எழுதினால் நமக்கு என்ன குறைந்துவிடும்? அவ்வூரார்க்கோ தம் பாடசாலையிலே நம்பிக்கை வளரும். அந்நம்பிக்கை இன்மையாற்றான், விஞ்ஞானப் பிரிவு உள்ள கிராமக் கல்லூரிகளிலிருந்தும் பிள்ளைகள் வெளியேற, வகுப்பில் ஐந்தாறு பேர் எஞ்ச, ஆசிரியரும் இடமாற்றம் பெற, எஞ்சியவரும் பெயர நேர்கின்றது. அத்தகைய பிள்ளைகளுக்கு, இருந்த இடத்திலேயே இருங்கள் என்று நம் அதிபர்கள் சொல்வது அறமாகும்.

வரவேண்டியவனாய் வந்தவனுக்கோ முதலிரு தவணைகளின் அறிக்கையிலே நிலை எண் எழுதாது விடலாம். புள்ளி மட்டும் போதும். உயர்தர வகுப்புத் தொடங்குமுன் ஆறு கிழமைக்கு இணைப்பு வகுப்பு ஒன்று நடத்தலாம். ஆய்வுகூடத்தை அந்நாட்களிலே புதியவர்க்கென்றே திறந்து வைக்கலாம். ஓய்வுபெற்ற கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் நம் சங்கத்திலே பலர் உளர். சனிக்கிழமை காலையில் இரண்டு மணிநேரம் அவர்களிடங் கேட்டுப் பெறுதல் அரிதன்று. கனடாவிலும் பிரித்தானியாவிலும் உள்ள நம் கிளைச் சங்கத்து அன்பர்கள் வளைவு கட்டவும் மண்டபத்துக்கு வர்ணம் பூசவும் பணம் அனுப்புகின்றனர். விடுதியிலே பத்துப் பேருக்கு ஓராண்டுச் செலவு எவ்வளவு என்று அதிபரைக் கேட்டு, அதனையும் இவ்விழா ஆண்டிலேயே அனுப்பலாம். அடுத்த அனுமதிக்கு இன்னும் சில மாதங்களே உள. சங்கத்தின் செயற்குழு அதற்குள் ஒருமுறை கூடி இதனை எடுத்தல் வேண்டும்.