நம்பகம் யாருடையது? - ஷெவர்லே வோல்ட்டை முன்வைத்து

அமெரிக்காவில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்றோர் அரசு அமைப்பு உண்டு. தம் காரில் கோளாறு கண்ட எவரும் அங்கே முறையீடு எழுதிப் பதியலாம். எழுதியவரின் அடையாளம் நீக்கப்பட்டு அது பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். ஷெவர்லே வோல்ட் என்ற காரைப் பற்றிய முறையீடுகளை அண்மையில் தொடர்ந்து வாசித்தேன். இலக்கியம் பேசும் இடத்தில் கார்ப் புராணம் எதற்கு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மனிதர்களுக்கும் உறவுகளுக்கும் உரியதாக இருந்த 'நம்பகம்' என்ற சொல்லை இன்று இயந்திரத்தின் குணமாகவும் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் சரிதானா என்ற ஐயமே இதை எழுதத் தூண்டியது.

வோல்ட்டின் வரலாறு சிறியது. 2007 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் அதன் மாதிரியைக் காட்டினார்கள். தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் 2009இல் திவாலாகி அரசுப் பணத்தில் மீண்டது. 2010 டிசம்பரில் கார் விற்பனைக்கு வந்தது. இரவில் வீட்டு மின்சாரத்தில் ஏற்றிக்கொண்டால் முதல் 35 மைல், அதாவது ஏறத்தாழ 56 கிலோமீட்டர், பெட்ரோல் இல்லாமலே ஓடும். அதற்குமேல் பெட்ரோல் என்ஜின் துணைக்கு வரும். 2016ஆம் ஆண்டு மாடலாக வந்த இரண்டாம் தலைமுறையில் அந்தத் தொலைவு 53 மைலாயிற்று. 2019 பிப்ரவரியில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி அது. இன்று வோல்ட் வாங்குகிறவர் பயன்படுத்திய வண்டியைத்தான் வாங்கியாகவேண்டும்.

அப்படி வாங்குகிறவரின் முதல் அச்சம் பேட்டரியைப் பற்றியது. கைப்பேசி இரண்டே ஆண்டில் சார்ஜ் நிற்காமல் போவதைக் கண்டவர்கள் வேறெப்படி நினைப்பார்கள்? ஆனால் வோல்ட்டின் பேட்டரி பெரும்பாலும் ஏமாற்றவில்லை. முதல் மாடலில் அதன் கொள்ளளவு 16 கிலோவாட்-மணி. அதில் பத்துக்குச் சற்று மேல்தான் கார் எடுத்துக்கொள்ளும், மீதியைத் தொடாது. நிரம்ப ஏற்றுவதும் முற்ற வடிப்பதும் பேட்டரியின் ஆயுளைத் தின்னும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. போதாதென்று, கலங்களின் ஊடே குளிர்விக்கும் திரவமும் ஓடிக்கொண்டிருக்கும். அதே காலத்தில் வந்த நிஸான் லீஃபில் இத்தகைய திரவ ஏற்பாடு இல்லை. அரிசோனா வெயிலில் அதன் பேட்டரி வேகமாகத் தேய்ந்ததாக 2012இல் எழுந்த கூக்குரலை நினைவுகூரலாம்.

அப்படியானால் முறையீடுகள் எதைப் பற்றி? இங்கேதான் கதை சுவையாகிறது. 2011 மே மாதம், பக்கவாட்டில் கம்பத்தின்மீது மோதவிட்டுச் சோதித்த ஒரு வோல்ட், மூன்று வாரம் கழித்து நிறுத்திவைத்த இடத்திலேயே தீப்பற்றியது. விசாரணை நடந்தது. 2012 ஜனவரியில் அது முடிந்தபோது நிறுவனம் சில மாற்றங்களை அறிவித்திருந்தது. பேட்டரியைச் சுற்றியுள்ள கட்டமைப்பை வலுவாக்குவது ஒன்று. குளிர்விக்கும் திரவத்தின் தொட்டியில் அளவு காட்டும் சென்சார் ஒன்றைப் பொருத்துவது மற்றொன்று. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஆண்டுகள் போகப்போக அந்தச் சென்சாரே வண்டியை முடக்கும் காரணங்களில் ஒன்றாயிற்று. திரவம் சற்றுக் குறைந்தாலும், குறையாமலே சென்சார் பிழையாகச் சொன்னாலும், கார் மின்சாரம் ஏற்றிக்கொள்ள மறுக்கும். திரவத்தை ஊற்றி நிரப்பினாலும் அந்த மறுப்பு நீங்காது. நிறுவனத்தின் கருவியும் மென்பொருளும் கொண்ட பட்டறைக்குப் போய்த்தான் பூட்டைத் திறக்கவேண்டும். சில உரிமையாளர்கள் சென்சாரின் இணைப்பைக் கழற்றி, அங்கே சிறிய மின்தடை ஒன்றைச் செருகி, தொட்டி எப்போதும் நிரம்பியிருப்பதாகக் காரை நம்பவைத்துவிட்டார்கள்! உண்மையிலேயே கசிவு வந்தால் எச்சரிக்க ஏதுமில்லை என்பதால் இந்தத் தந்திரத்தை நான் பாராட்டமாட்டேன். ஆனாலும் அவர்களை அங்கே துரத்தியது எது என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

இரண்டாம் தலைமுறையில் நிலைமை இன்னும் கடுமை. பேட்டரியின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு மாட்யூல் ஒன்று அதில் உண்டு. கலங்கள் நலமாயிருக்க, இந்தச் சின்னப் பலகை கெட்டு, ஓடும் வண்டியில் திடீரென விசை குறைந்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். 2022, 2023 ஆண்டுகளில் மாற்றுப் பலகை கிடைக்காமல் மாதக்கணக்கில் வண்டி பட்டறையில் நின்றதாக முறையிட்டவர்களும் உண்டு. வேறு நிறுவனத்தின் பலகையை வாங்கிப் பொருத்தலாமென்றால் அப்படியொன்று சந்தையில் இல்லை. இன்னொரு புகார், வண்டியை முறையாக நிறுத்தியபிறகும் 'பார்க்கிங் நிலைக்கு மாற்றவும்' என்று திரை கேட்டுக்கொண்டே இருப்பது. அணைக்க முடியாத அந்த வண்டியின் சிறிய பேட்டரி விடிவதற்குள் வடிந்துபோகும்.

பழுதே இல்லாத புகார்களும் உண்டு. நீண்ட நாள் என்ஜினை இயக்காவிட்டால் கார் அதைத் தானே சற்று ஓட்டிப் பார்க்கும். தொட்டியிலுள்ள பெட்ரோல் ஓராண்டுக்குமேல் பழசாகிவிட்டால் எரித்துத் தீர்க்கும். கடுங்குளிரில் சார்ஜ் இருந்தாலும் என்ஜின் விழித்துக்கொள்ளும். முதல் உரிமையாளருக்கு இவையெல்லாம் தெரிந்திருக்கும். கையேடில்லாமல் வாங்கியவர் பதறுவதில் வியப்பில்லை.

முறையீட்டுப் பதிவேடு ஒருபக்கச் சாட்சி என்பதையும் சொல்லவேண்டும். நிறைவாக ஓட்டுகிறவர் அரசுக்குக் கடிதம் எழுதுவதில்லை. பழைய வோல்ட்டைப் போற்றி ஓட்டுகிறவர்கள் ஏராளம். எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணிக்கை அன்று, புகாரின் திசை. இயந்திரம் தேய்ந்து நின்றதைப் பற்றிய குரல் குறைவு. தேயாத இயந்திரத்தை இயக்க அனுமதி கிடைக்கவில்லை என்ற குரலே மிகுதி. அனுமதியின் திறவுகோல் தயாரித்தவரிடம் இருக்கிறது. அவரோ அந்தக் காரை விட்டு 2019லேயே போய்விட்டார். இதைக் காரின் நம்பகமின்மை என்று பதிவது இரக்கமற்ற சொற்பிழை என்றே சொல்வேன். நம்பத்தகாதது கைவிட்டுப் போனவரின் சொல்.

பேட்டரிக்கும் அதைச் சார்ந்த மின்பாகங்களுக்கும் எட்டாண்டு அல்லது ஒரு லட்சம் மைல் உத்தரவாதம் தந்திருந்தார்கள். கைமாறினாலும் அது தொடரும். 2019இல் விற்ற கடைசி வண்டிகளுக்கும் 2027இல் அது முடிகிறது. ஒரு காரின் பூட்டைப் போடும் உரிமை தயாரிப்பாளருக்கு உண்டென்றால், அதைத் திறக்கும் கருவியையும் தகவலையும் தெருமுனை மெக்கானிக்குக்கும் தரும் கடமை இருக்கவேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் அப்படியொரு சட்டம் இயற்றியது. 2020இல் வாக்காளர்கள் முக்கால் பங்குக்கு நெருங்கிய பெரும்பான்மையில் அதை விரிவாக்கினார்கள். தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். மற்ற மாநிலங்கள் ஏன் பின்தொடரத் தயங்கவேண்டும்?

அதுவரை, வாங்க விரும்புகிறவர் வெளிப்பூச்சைப் பார்த்து மயங்காமல், முழுதாக ஏற்றிய வண்டியை என்ஜின் விழிக்கும்வரை ஓட்டி, எத்தனை கிலோவாட்-மணி செலவாயிற்று என்று திரையில் பார்க்கட்டும். முதல் தலைமுறைக்குப் பத்தையொட்டியும் இரண்டாவதற்குப் பதினான்கையொட்டியும் இருந்தால் பேட்டரி நலம். பிறகு பழுதுபார்த்த ரசீதுகளைக் கேட்டு, அந்தக் கட்டுப்பாட்டு மாட்யூல் மாற்றப்பட்டதா, யார் மாற்றினார்கள் என்று விசாரிக்கட்டும்.