பூக்கடையும் மென்பொருளும்

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. நல்ல மென்பொருளை எழுதிவிட்டால் போதும், அதற்கென்று ஓர் இணையத்தளம் ஏன் என்பது அவர்கள் வாதம். நான் இதை ஏற்கவில்லை. பூவுக்கு மணம் உண்டு. அது காற்றிலே வந்து கடையைக் காட்டிவிடும். மென்பொருளுக்கு மணம் ஏது?

சென்ற ஆண்டு நான் பட்ட பாட்டைச் சொல்லுகிறேன். என் ஆய்வின் அளவீடுகளைப் பகுத்தாராய ஒரு மென்பொருளைத் தேடினேன். ஒரு தளம் கண்ணைப் பறித்தது. வண்ணங்கள் என்ன, அசையும் படங்கள் என்ன! விரைவானது, எளியது என்றெல்லாம் பெரிய எழுத்தில் பொறித்திருந்தார்கள். நம்பி இறங்கினேன். மூன்று வாரம் போராடினேன். பழைய பிழைக் குறிப்புகளைக் கிளறியபோதுதான் உண்மை விளங்கிற்று. எழுதியவர்கள் அதைக் கைவிட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன! இன்றைய பைத்தானில் அது ஓடவே ஓடாது. "இப்பணி நின்றுவிட்டது" என்று முகப்பிலே ஒரு வரி இருந்திருந்தால் என் மூன்று வாரமும் பிழைத்திருக்கும்.

ஆகவே, நல்ல தளத்திற்கு முதல் இலக்கணம் வாய்மை என்பேன். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைப் பாருங்கள். ரிச்சர்டு ஹிப் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. இன்று நம் கைப்பேசிக்குள்ளும் இருப்பது. அதன் தளத்தில் ஆடம்பரம் இல்லை. ஆனால் அதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தலாகாது என்று கூறவே ஒரு பக்கம் இருக்கிறது. பலர் ஒரே நேரத்தில் எழுத வேண்டுமா? தரவு ஒரு கணினியிலும் நிரல் வேறொரு கணினியிலும் இருக்கின்றனவா? அப்படியானால் வேறொன்றை நாடுங்கள் என்கிறது அப்பக்கம். 2050 வரை இதைப் பேண எண்ணியிருக்கிறோம் என்றும் அத்தளம் கூறுகிறது. தம் சரக்கு உதவாத இடத்தைத் தாமே சொல்லும் வணிகர் எத்தனை பேர்?

இரண்டாவது இலக்கணம் எடுத்துக்காட்டு. நரம்பு உயிரியல் அறிஞர் ஜான் ஹண்டர் தொடங்கி, 2003இல் வெளிவந்த மாட்பிளாட்லிப் வரைபடம் தீட்டும் மென்பொருள். அதன் தளத்தில் படங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வேண்டிய படத்தைத் தொட்டால் அதை வரைந்த நிரல் முழுவதும் கண்முன் விரிகிறது. வரைபடத்தின் பெயர்கூடத் தெரியாத மாணவனும் பார்த்து, எடுத்து, மாற்றிக்கொள்ளலாம். ஹண்டர் 2012இல் மறைந்தார். அவர் தொடங்கிய பணியோ இன்றும் நமக்குக் கற்பிக்கிறது. என் முதல் வரைபடம் அங்கிருந்து வந்ததுதான்.

எஞ்சியவை சிறியவை, ஆயினும் இன்றியமையாதவை. இது எதற்கு என்று ஒரே வரி, நிறுவும் முறை, கடைசிப் பதிப்பின் தேதி, உரிமம், பிழை கண்டால் தெரிவிக்கும் இடம்.

நண்பர்களே, இந்த ஊர் ரயில் நிலையத்தில் பெட்டியோடு, இந்தியும் தெரியாமல் நான் இறங்கிய நாள் நினைவுக்கு வருகிறது. நம் மன்றத்து அண்ணன் ஒருவர் காத்திருந்தார். அவர் பல்கலைக்கழகத்தின் பெருமையைப் பேசவில்லை. எந்தப் பேருந்து, எந்த மெஸ், எந்த அலுவலகம் எத்தனை மணிக்கு மூடும் என்று சொன்னார். இங்கே கிடைக்காதவற்றையும் மறைக்காமல் சொன்னார். நல்ல தளம் என்பது அந்த அண்ணன்தான்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ஆய்வுக்காக நிரல் எழுதுகிறோம்; பட்டம் பெற்று ஊருக்குப் போகிறோம். நிரல் ஆய்வுக்கூடக் கணினியிலே குடத்திலிட்ட விளக்காய்க் கிடக்கிறது. அடுத்து வரும் தம்பி தங்கையர் அதே நிரலை முதலிலிருந்து எழுதுகின்றனர். பிறரைச் சொல்வானேன்? என் நிரலுக்கும் இதுவரை ஒரு பக்கம் இல்லை.

இந்தப் பருவம் முடியுமுன் எழுதிவிடுவேன். என் நிரல் செய்வதையும் செய்யாததையும் எழுதி, ஓர் எடுத்துக்காட்டையும் தேதியையும் சேர்ப்பேன். நான் விடைபெறும் நாளில், இனி இதைப் பேணுவோர் இல்லை என்ற வரியையும் சேர்ப்பேன். நீங்களும் எழுதுங்கள். நம்மை வரவேற்க ஒருவர் நிலையத்தில் நின்றார். நமக்குப் பின் வருவோர்க்காக நாமும் நிற்க வேண்டாமா?