குலுக்கல் சீட்டுக்குக் கணக்கு எங்கே?

கண்டரமாணிக்கத்தில் எங்க அப்பத்தாவோட டிரங்குப் பெட்டியில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் ஒரு கட்டு லாட்டரிச் சீட்டு கிடக்கும். ஐயா காரைக்குடி போகும்போதெல்லாம் வாங்கியது. ஒன்றுகூட விழுந்ததில்லை. "இதை ஏன் அப்பத்தா இன்னும் வச்சிருக்க?" என்று கேட்டால், "நம்ம காசும் கவருமென்ட்டுக்குப் போயிருக்குல்ல, அதுக்கு ரசீதுடா அது" என்பார்.

ஐயாவைச் சொல்லிக் குற்றமில்லை. 1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது அரசுப் பரிசுச் சீட்டு வந்ததே 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகத்தோடுதான். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடை செய்தது.

நாட்டுக்கு என்று போன காசு போய்ச் சேர்ந்ததா? சிக்கிம் லாட்டரி வழக்கைப் பாருங்கள். கேரளாவில் விற்ற சிக்கிம் அரசுச் சீட்டில், பரிசு விழுந்த சீட்டுகளின் கணக்கை ஊதிக் காட்டி, 2009 ஏப்ரல் முதல் 2010 ஆகஸ்ட் வரை மட்டும் சுமார் 910 கோடி ரூபாய் சுருட்டினார்கள் என்பது கோவை சான்டியாகோ மார்ட்டின் தரப்பின் மீது அமலாக்கத் துறை வைக்கும் குற்றச்சாட்டு. சி.பி.ஐ. வழக்கிலிருந்து கிளம்பிய விசாரணை இது. குற்றச்சாட்டுதான், தீர்ப்பு இல்லை. ஆனால் அதே மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம் 1,368 கோடிக்குத் தேர்தல் பத்திரம் வாங்கியது 2024 மார்ச்சில் வெளிவந்ததே, அது குற்றச்சாட்டு இல்லை, ஸ்டேட் வங்கி கொடுத்த பட்டியல். திரிணாமுல், தி.மு.க., ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், பா.ஜ.க. என்று பலருக்கும் பங்கு போயிருக்கிறது. விசாரிக்கிற அரசை நடத்துகிறவர்களும் அதில் அடக்கம்!

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த 910 கோடி சிக்கிம் அரசுக்கு வந்த நஷ்டம். சீட்டு வாங்கின கூலிக்காரனோட நஷ்டத்துக்கு எந்த ஃபைலிலும் ஒரு காலம் கிடையாது. கேரளாவில் 2011-ல் தொடங்கிய காருண்யா லாட்டரி, ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு என்று சொல்லியே விற்கப்படுகிறது. நோக்கம் நல்லதுதான், மறுக்கல. ஆனா தர்மம்னு சொல்லிட்டா வாங்குறவன் வாய் அடைச்சுப் போகுது.

நம்ம கதைக்கு வருவோம். போன வருஷம் நிவாரண நிதி என்று 50 ரூபாய் கூப்பன் விற்றோம். முதல் பரிசு ஒரு செல்போன். நானே ஹாஸ்டலில் 40 கூப்பன் தள்ளினேன். மொத்தம் எவ்வளவு வசூல், எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று விற்ற எனக்கே தெரியாது. கேட்டதுக்கு, "நல்ல காரியத்துக்குத்தானேடா, விடு" என்றார்கள்.

இந்த வருஷக் கூப்பன் புத்தகமும் ரூமுக்கு வந்துவிட்டது. போன வருஷக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், மறுநாளே விற்றுத் தருகிறேன்.