நெடுஞ்சாலை, ரயில் பாதை ஓர மனைப்பிரிவுகள்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
நிர்வாகிகள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நகர் ஊரமைப்பு இயக்ககம்,
சென்னை.

பொருள்: நெடுஞ்சாலை, ரயில் பாதையை ஒட்டிய மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் வழங்கும் முன் பாதுகாப்பு நிபந்தனைகள் விதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் பெரும்பாலும் அருகருகே செல்கின்றன. இவற்றின் ஓரமாக இருந்த வயல்கள் பலவும் வீட்டுமனைகளாகிவிட்டன.

எங்கள் பகுதியில் முதல் வரிசை வீடுகளின் கேட் நேராக நெடுஞ்சாலையில் திறக்கிறது. யு-டர்ன் தொலைவில் இருப்பதால் பைக்குகள் ராங் சைடில் வருகின்றன. கடைசி வரிசையிலோ, கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் டம்ளர்கள் அதிர்கின்றன. சுரங்கப்பாதை வெகுதூரம் என்பதால் பிள்ளைகள் புத்தகப் பையோடு தண்டவாளத்தைத் தாண்டுகிறார்கள். ரயில்வே சட்டம், 1989-இன் 147-ஆம் பிரிவின்படி இது குற்றம். ஆனால் போய்வர வேறு வழி விடாமல் மனை பிரித்திருக்கும்போது பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் வீடு கட்ட ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். கடன் வாங்கிப் பத்திரம் பதிந்து, வீட்டு பிளானுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

எனவே நாங்கள் கோருவது:

1. ரயில்வேயின் 30 மீட்டர் எல்லையையும் நெடுஞ்சாலையின் கட்டட எல்லைக் கோட்டையும் மனைப்பிரிவு வரைபடத்திலேயே காட்ட வேண்டும். அவற்றுக்குள் அடங்கும் மனைகளின் எண்கள் விற்பனைப் பத்திரத்திலும் இடம்பெற வேண்டும்.

2. எந்த மனையும் நேரடியாக நெடுஞ்சாலையில் திறக்கக் கூடாது. உள்ளே சர்வீஸ் ரோடு அமைத்து, நெடுஞ்சாலைத் துறை அனுமதித்த ஒரே இடத்தில் இணைக்க வேண்டும்.

3. ரயில்வே எல்லையை ஒட்டி மனைகளுக்குப் பதிலாக உட்சாலை, மரவரிசை, சுற்றுச்சுவர் அமைய வேண்டும். இந்த மரவரிசையைப் பூங்காவுக்கான 10 சதவீதத் திறந்தவெளி ஒதுக்கீட்டில் சேர்க்கக் கூடாது.

4. ஒப்புதலுக்கு முன் இரவு நேர ஒலி அளவை அளக்க வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வகுத்த இரவு வரம்பு 45 டெசிபல்.

5. ரயில் கரைக்கும் சாலைக்கும் அடியில் மழைநீர் வடியும் சிறுபாலங்களை அடைத்து மனை போட அனுமதிக்கக் கூடாது.

6. ரயில்வே, நெடுஞ்சாலைத் துறை, உள்ளாட்சி அதிகாரிகள் கூட்டாகக் கள ஆய்வு செய்து, நடந்து கடக்கும் வழியை உறுதிசெய்த பிறகே ஒப்புதல் வழங்க வேண்டும்.

குடியேறிய பிறகு தண்டவாளத்தையோ சாலையையோ நகர்த்த முடியாது. வரைபடம் தங்கள் மேசையில் இருக்கும்போதே திருத்தினால்தான் உயிர்கள் காக்கப்படும். தாங்கள் உடனடி நடவடிக்கை எடுத்து, எழுத்துபூர்வமான பதில் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்