உடம்பு வலியா, தசை நோயா? கவனிக்க வேண்டியது வலியை மட்டும் அல்ல!

2022 அக்டோபரில், 'யசோதா' டிரெய்லர் வெளியான சமயத்தில், கையில் டிரிப்ஸ் ஏறும் போட்டோவோடு தனக்கு மயோசைட்டிஸ் இருப்பதாகப் பதிவிட்டார் சமந்தா. 2024 பிப்ரவரியில், 'தங்கல்' படத்தில் சிறுவயது பபிதாவாக நடித்த சுஹானி பட்நாகர் 19 வயதில் இறந்தபோது, டெர்மடோமயோசைட்டிஸ் என்ற பெயர் செய்திகளில் வந்தது. இரண்டு முறையும் பலர் கூகுளில் தேடி, "எனக்கும் உடம்பு வலிக்குதே" என்று பயந்தார்கள்.

ஆனால், அந்த வலி பெரும்பாலும் வேறு. ஜிம்மில் புதுசா ஸ்குவாட் போட்டால் ரெண்டு நாள் தொடை பிடித்துக்கொள்ளும், அப்புறம் சரியாகிடும். மயோசைட்டிஸில் உடலின் எதிர்ப்பு சக்தியே தசையைத் தாக்குகிறது. அதன் முக்கிய அறிகுறி பலவீனம். வலி பெரிதாக இல்லாமலேகூட இருக்கலாம்.

சோர்வு வேறு, பலவீனம் வேறு. எழுந்திருக்க மனசு வரலைன்னா சோர்வு. மனசு இருந்தும் கால் தூக்கலைன்னா பலவீனம். இடுப்பு, தோள் பக்கத் தசைகள்தான் முதலில் தளரும். இந்தியன் டாய்லெட்டில் குழாயைப் பிடித்துத்தான் எழ முடிகிறது, பஸ் படியில் கம்பியை இழுத்து ஏற வேண்டியிருக்கிறது, தலை வாரும்போது கை தானாக இறங்குகிறது... இது வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் டாக்டரைப் பாருங்கள். கண் இமையில் ஊதாத் தடிப்பு, விரல் முட்டிகளில் சிவந்த திட்டு இருந்தால் டெர்மடோமயோசைட்டிஸாக இருக்கலாம். நம்மூர் தோல் நிறத்தில் அது வெறும் கருமையாகத் தெரிந்து ஏமாற்றும்.

இன்னொரு குழப்பம், மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி கூடினால் உடனே 'லிவர்' என்போம். இந்த என்சைம்கள் தசையிலும் உண்டு. பலவீனமும் சேர்ந்திருந்தால், 'சிபிகே' ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு அது நார்மலாகவும் வரும் என்பதால், அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

காலையில் நன்றாக இருந்து, சாயங்காலம் ஆக ஆக இமை தொங்கினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், அது மயஸ்தீனியாவாக இருக்கலாம். கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பித்த பிறகு தசை வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சாப்பாடு விழுங்க முடியாமல் போனாலோ மூச்சு திணறினாலோ காத்திருக்க வேண்டாம். கடுமையான ஒர்க்-அவுட்டுக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். உடைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் கிட்னியைப் பாதிக்கும்.