வடம் பிடிக்க ஊரைக் கூப்பிடுங்கள்!

வில்லியனூரில் வைகாசி மாதம் தேர்த் திருவிழா. திருக்காமீசுவரர் கோவில் தேருக்குக் கவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் இருந்து வரும் வழக்கம் இது.

ஆனால், கவர்னர் ஒருவர் இழுத்தால் தேர் நகருமா?

நகராது! ஊரே சேர்ந்து இழுக்க வேண்டும்.

சட்டமும் ஒரு தேர்தான். மந்திரிகள் தொடங்கி வைக்கலாம். மக்கள் கை வைக்காவிட்டால், அது நிலையை விட்டு நகராது. நகர்ந்தாலும் நடுத்தெருவில் நின்றுவிடும்.

இதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்லலாம்.

பத்து நாளில் போன சட்டம்

முதல் கதை பக்கத்தில் உள்ள தமிழ்நாட்டில் நடந்தது.

2023 ஏப்ரல் 21-ந் தேதி சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. தொழிற்சாலைகளில் ஒரே நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறக்கும் மசோதா அது. "வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற கணக்கு மாறாது. 4 நாள் வேலை, 3 நாள் ஓய்வு. விரும்பியவர்களுக்கு மட்டும்தான்" என்று சர்க்கார் சொன்னது.

தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளியேறின. ஆனாலும் குரல் ஓட்டில் மசோதா நிறைவேறிவிட்டது.

தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்தன. மூன்றாம் நாளே சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று, மசோதா வாபஸ் என்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். வாபஸ் வாங்கியது நல்ல காரியம். ஆனால் ஒரு கேள்வி.

12 மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு ஒரு பெண் எப்போது வீட்டுக்கு வருவாள்? எப்போது சோறு ஆக்குவாள்? பிள்ளையின் முகத்தை எப்போது பார்ப்பாள்? இதை மசோதா நிறைவேறும் முன்பே அவளிடம் கேட்டிருக்கலாம் அல்லவா?

வேலை நேரத்தின் விலை புதுவை மக்களுக்குத் தெரியும். 1936 ஜூலை 30-ந் தேதி, உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு சர்க்கார் துப்பாக்கிச்சூடு நடத்தியது. 12 பேர் உயிர் இழந்தார்கள். அதன் பிறகே புதுவையில் 8 மணி நேர வேலை வந்தது. ரத்தம் சிந்திப் பெற்ற ஒன்றை, கேட்டு முடிவு செய்வதுதான் முறை.

உழவர்களின் கதை

இரண்டாவது கதை டெல்லியில் நடந்தது.

2020-ம் ஆண்டு மத்திய சர்க்கார் மூன்று வேளாண் சட்டங்களைக் கொண்டு வந்தது. முதலில் ஜூன் மாதம் அவசரச் சட்டமாக வந்தன. செப்டம்பரில் பார்லிமெண்டுக்கு வந்தன. விளைபொருளை யாரும் எங்கும் வாங்கலாம் என்பது நன்மை என்றது சர்க்கார். மார்க்கெட் கமிட்டியும் ஆதார விலையும் போய்விடும் என்று உழவர்கள் அஞ்சினார்கள்.

செப்டம்பர் 20-ந் தேதி மாநிலங்களவையில், "ஓட்டுகளை எண்ணுங்கள்" என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. எண்ணவில்லை. குரல் ஓட்டிலேயே முடிந்தது.

உழவர்கள் டெல்லி எல்லையில் போய் உட்கார்ந்தார்கள். பனியிலும் வெயிலிலும் ஓர் ஆண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். 2021 நவம்பர் 29-ந் தேதி, மூன்று சட்டங்களும் பார்லிமெண்டில் ரத்து ஆயின. அதுவும் விவாதம் இல்லாமலே, ஒரே நாளில்!

செய்யும்போதும் உழவனைக் கேட்கவில்லை. கலைக்கும்போதும் பேசவில்லை. சட்டம் நல்லதா, கெட்டதா என்று கூட நாடு முழுதாக அறிந்துகொள்ள முடியாமல் போயிற்று.

இரண்டு கதைகளிலும் ஆளும் கட்சி வேறு வேறு. ஆகவே இது கட்சிச் சண்டை அல்ல. யார் ஆண்டாலும் வரும் நோய்.

காலி நாற்காலி

"டெல்லியும் சென்னையும் தூரம். நம் ஊரில் கேட்கலாமே" என்பீர்கள்.

கேட்கலாம். யாரிடம் கேட்பது?

தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்றால் கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போகிறோம். அங்கே ஆணையர் இருப்பார். அவர் அதிகாரி. மேலிடத்துக்குப் பதில் சொல்வார். ஊர் தேர்ந்தெடுத்த தலைவரோ ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவரைத் தேர்ந்தெடுக்கத்தான் வழி இல்லாமல் போனது.

புதுவையில் 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006-ல்தான் வந்தது. இடையில் 38 ஆண்டுகள்! 2006-ல் வென்றவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அடுத்த தேர்தல் வரவில்லை. தேர்தலை நடத்தும்படி 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2021-ல் தேதி குறித்தார்கள். வழக்கு வந்தது; தேர்தல் நின்றது.

ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பஞ்சாயத்துத் தேர்தல் என்று அரசியல் சட்டம் 1993 முதல் சொல்கிறது. புதுவைக்கு 1973-ம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டமும் இருக்கிறது. சில சட்டங்கள் ஒரே நாளில் ஓடி வருகின்றன. இருக்கிற சட்டமோ ஆண்டுக்கணக்கில் தூங்குகிறது!

கீழூர் சொல்லும் பாடம்

வில்லியனூருக்குப் பக்கத்தில் கீழூர் இருக்கிறது. 1954 அக்டோபர் 18-ந் தேதி அங்கே ஓர் ஓட்டெடுப்பு நடந்தது. பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் இந்தியாவோடு சேருவதா, வேண்டாமா என்பதே கேள்வி.

178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் சேருவோம் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த எட்டு ஓட்டும் எண்ணப்பட்டன; எழுதி வைக்கப்பட்டன. நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கை மாறியது.

அந்த 178 பேர் யார்? சட்டசபைப் பிரதிநிதிகளும், ஊர் ஊராக மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களும்தான்!

கவுன்சிலர்களின் ஓட்டால் இந்தியாவோடு சேர்ந்த மண் இது. இந்த மண்ணில் கவுன்சிலர் நாற்காலி காலியாகக் கிடக்கலாமா?

என்ன செய்ய வேண்டும்?

மசோதாவைச் சபைக்குக் கொண்டு வரும் முன் 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய சர்க்காரே ஒரு நெறி வகுத்தது. அது நெறிதான், கட்டாயம் இல்லை. அதைக் கட்டாயம் ஆக்க வேண்டும். மசோதாவை எளிய தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் அது புரிய வேண்டும்.

பெரிய சட்டங்களைக் குரல் ஓட்டில் முடிக்கக் கூடாது. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயரோடு பதிய வேண்டும்.

பஞ்சாயத்துத் தேர்தல் காலம் தவறாமல் நடக்க வேண்டும்.

"எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?" என்று சிலர் கேட்பார்கள். 30 நாள் கேட்காமல் விட்டதால் ஓர் ஆண்டு போனதே, அது மட்டும் லாபமா?

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. எம்.எல்.ஏ. உங்கள் தெருவுக்கு வருவார். ரோடு கேளுங்கள், தண்ணீர் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: "ஐயா, போன கூட்டத்தில் என்ன மசோதா வந்தது? அதைப் படித்தீர்களா? நீங்கள் எந்தப் பக்கம்?"

இரண்டு பேர் கேட்டால் சிரிப்பார். இருநூறு பேர் கேட்டால் படித்துவிட்டு வருவார்!

வடம் நீளமானது. எல்லாருக்கும் பிடிக்க இடம் இருக்கிறது.